ஆயிலை இறக்கியாச்சு, ஃபில்டர் மூடி மட்டும் அசைய மாட்டேங்குது

சனிக்கிழமை மெக்கானிக்:

வணக்கம். வண்டி கொரோலா, 1.8 பெட்ரோல். முன்சக்கரம் ரெண்டையும் ராம்ப் மேல ஏத்தி, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டுட்டுத்தான் கீழே படுத்திருக்கேன். அதனால அந்த அறிவுரையை மட்டும் தயவுசெய்து விட்டுடுங்க.

கீழே இருக்கிற 14 எம்.எம். டிரெயின் போல்ட்டைக் கழட்டி ஆயில் முழுசும் இறக்கியாச்சு. அது வரைக்கும் எல்லாம் சுகம். சிக்கல் ஃபில்டர்ல. இது மொத்தமாகக் கழட்டி எறியுற டப்பா ஃபில்டர் இல்லை. உள்ளே காகித ஃபில்டர், அதை மூடி கறுப்பு பிளாஸ்டிக் ஹவுசிங், தரையைப் பார்த்த மாதிரி தொங்குது. நடுவுல 3/8 இஞ்ச் சதுரக் குழி போட்ட ஒரு குட்டி பிளக். அந்த பிளக் ரேட்செட்டுக்கு (முன்னும் பின்னும் ஆட்டித் திருப்புற கைப்பிடி) அடங்கி வந்துடுச்சு. புது ஃபில்டரோட வந்த சின்ன பிளாஸ்டிக் குழாயை அந்த ஓட்டைக்குள்ள அழுத்தினேன், உள்ளே தேங்கி இருந்த ஆயிலும் இறங்கிடுச்சு. இனிமே மூடியைத் திருப்பினா வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

அசையலை. துளிகூட அசையலை.

கையில இருக்கிறது தகட்டுல அடிச்ச கிண்ணம் மாதிரியான ஃபில்டர் ரெஞ்ச், உள்பக்கம் 14 பட்டை. மூடிக்குச் சரியா பொருந்துது. ஆனா கொஞ்சம் பலம் கொடுத்ததும் ரெஞ்ச் ஒரு பக்கமா சாய்ஞ்சு, 'டக்'னு ஒரு பட்டை தாண்டி உட்காருது. இப்ப மூடியில ரெண்டு மூணு பட்டையோட முனை மழுங்கியாச்சு. போன தடவை சர்வீஸ் வெளியில ஒரு இடத்துல பண்ணினது. யார் முறுக்கினாங்களோ, என்ன கோபத்துல இருந்தாங்களோ.

மாமா வந்து பார்த்துட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரை மூடிக்குள்ள குத்தி இறக்கி அதையே பிடியா வெச்சுத் திருப்புன்னு சொல்றார். அவங்க காலத்துல அப்படித்தானாம். துருவை இளக்குற டபிள்யூ.டி.-40 ஸ்பிரேயை அடிச்சு ஊற விடலாமான்னும் ஒரு யோசனை. திங்கட்கிழமை காலையில வண்டி கண்டிப்பா வேணும். என்ன பண்ணட்டும்?

*

கிரீஸ் கை:

தம்பி, மாமாகிட்ட இருந்து அந்த ஸ்க்ரூடிரைவரை முதல்ல வாங்கி உள்ளே வை. அவர் சொல்றது டப்பா ஃபில்டருக்கு. அதுவே கடைசி வழிதான், குத்தினதும் தகரம் கிழிஞ்சு கையோட வர்றது உண்டு. ஆனா அது எப்படியும் குப்பைக்குப் போற சாமான், போனா போகட்டும். உன்னுது அப்படி இல்லை. அந்த மூடி வண்டியோட பாகம், அடுத்த ஆயிலுக்கும் அதேதான் போகணும். அதுல ஓட்டை போட்டா வண்டி அங்கேயே நிக்கும்.

ரெண்டாவது, திங்கட்கிழமைக் கவலையை விடு. அந்த குட்டி பிளக்கைத் திரும்பப் போடு, கீழே டிரெயின் போல்ட்டைப் புது வாஷரோட போடு, புது ஆயிலை ஊத்து. பழைய ஃபில்டரோடவே வண்டி தாராளமா ஓடும். ஃபில்டரோட சேர்த்து 4.2 லிட்டர்னு உன் வண்டிப் புத்தகத்துல இருக்கும். அதை ஒரே மூச்சுல கவிழ்க்காதே. மூணரை ஊத்திட்டு ஆயில் அளவு பார்க்குற ஸ்டிக்கை எடுத்துப் பாரு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு, அணைச்சு, ஆயில் கீழே இறங்கினதும் மறுபடி பாரு. பின்னால ஃபில்டரை மாத்தும்போது அந்த மூடிக்குள்ள இருக்கிற கொஞ்சூண்டு ஆயில்தான் போகும். அதை மேல ஊத்திக்கலாம், 4 லிட்டரும் வீணாகாது. ஆயில் இல்லாம மட்டும் 'சும்மா ஒரு தடவை'ன்னு சாவியைத் திருப்பிடாதே.

ஃபில்டர் அசையுதான்னு பார்த்துட்டுத்தான் ஆயிலை இறக்கணும்னு கராஜ்ல பசங்களுக்கு முதல்லயே சொல்லிடுவோம். கியர்பாக்ஸுக்கும் இதே கணக்கு. ஊத்துற பிளக் கழலுதான்னு பார்க்காம இறக்குற பிளக்கைத் தொடக் கூடாது.

சரி, இப்ப மூடிக்கு வருவோம். எந்தப் பக்கம் திருப்புறே? கோவிச்சுக்காதே, கேக்க வேண்டிய கேள்வி. மல்லாந்து படுத்துக்கிட்டு தலைக்கு மேல இருக்கிறதைத் திருப்பும்போது பழகின கைகூடத் தடுமாறும். மூடியோட அடிப்பக்கம் உன் முகத்தைப் பார்த்து இருக்கணும், அந்தப் பார்வையில கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம். மேலே பானெட்டைத் திறந்து நின்னு யோசிச்சா தலைகீழா வரும். சாக்பீஸ்லயோ பெயிண்ட் மார்க்கர்லயோ மூடியிலேயே ஒரு அம்புக்குறி போட்டுடு.

அதே மார்க்கரால இன்னொரு கோடு: மூடியையும் அதுக்கு மேல இருக்கிற அலுமினியத்தையும் சேர்த்து நெடுக்க ஒண்ணு. ரெஞ்ச் வளையும், ரெஞ்சுக்கும் கைப்பிடிக்கும் நடுவுல மாட்டுற எக்ஸ்டென்ஷன் கம்பி முறுக்கும், உனக்கு மூடி திரும்பின மாதிரியே இருக்கும். கோடு பிரிஞ்சாத்தான் திரும்பினதா அர்த்தம்.

இன்னொண்ணு. சில எஞ்சின்கள்ல மூடி தானா கழலாம இருக்க ஓரத்துல ஒரு தகட்டு நாக்கு இருக்கும், அதை அழுத்திப் பிடிச்சாத்தான் விடும். டார்ச் அடிச்சு மூடியைச் சுத்தி ஒரு தடவை பாரு. இருந்தா அதை அமுக்காம எத்தனை யானை வந்து இழுத்தாலும் வராது.

*

டர்போ பாண்டி:

எதுக்கு இவ்வளவு புராணம்? பேட்டரி இம்பாக்ட் எடு (அடிச்சு அடிச்சுத் திருப்புற மெஷின்), ரெஞ்சை மாட்டு, ஒரு 'டர்ர்ர்'. முடிஞ்சது. நான் எல்லா வண்டிக்கும் அப்படித்தான்.

*

கிரீஸ் கை:

பாண்டி, உன் வண்டியில இருக்கிறது அலுமினிய மூடி, நீ ஏற்கெனவே படம் போட்டுக் காட்டினதுதானே. அதுல ரெஞ்ச் ஒழுங்கா உட்கார்ந்திருந்தா இம்பாக்ட் வேலை செய்யும், மறுக்கலை. தம்பியோடது பிளாஸ்டிக், பட்டை வேற மழுங்கிக் கிடக்கு, ரெஞ்ச் தகடு. இந்த மூணும் சேர்ந்த இடத்துல இம்பாக்ட்டை வெச்சா மிச்சப் பட்டையையும் சீவித் தள்ளிடும். இல்லைன்னா மூடி கழுத்தோட ஒடிஞ்சு, மரைப் பகுதி மட்டும் மேலே மாட்டிக்கும். அதை எடுக்குறதுக்கு இந்த வேலையே தேவலைன்னு ஆயிடும்.

*

ஓரிங் அக்கா:

ரப்பர் சீல் சோதிக்கிற கூடத்தில் வேலை செய்கிறேன், கார் மெக்கானிக் இல்லை. அந்த ஒரு பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூடியைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் மரை இல்லை தம்பி, ஓரிங்தான், அதாவது கசிவை அடைக்கிற ரப்பர் வளையம். உங்கள் வகை மூடியில் மரை உள்பக்கம் இருக்கிறது, எப்போதும் ஆயிலில் ஊறிக்கொண்டே இருக்கும். அங்கே துருவுக்கு வேலையே இல்லை. மரைக்குக் கீழே, விளிம்பை ஒட்டிய பள்ளத்தில் ஓரிங் உட்கார்ந்திருக்கும். போன முறை யாரோ அதற்கு ஆயில் தடவாமல் காய்ந்தபடியே மாட்டியிருந்தால் திருகும்போதே அது முறுகியிருக்கும். அதன் பிறகு எஞ்சின் சூட்டில் மாதக்கணக்காக வெந்திருக்கிறது. ஓடுகிற எஞ்சினில் ஆயில் 90, 100 டிகிரி செல்சியஸ், சில சமயம் அதற்கும் மேலே போகும். சாதாரண நைட்ரைல் ரப்பர் அந்தச் சூட்டிலேயே நெடுநாள் இருந்தால் நெகிழ்ச்சி போய் இறுகும், அழுத்திய வடிவத்திலேயே தட்டையாக நின்றுவிடும், அலுமினியத்தோடு ஒட்டிக்கொள்ளும். பழைய ஓரிங்கையே மாற்றாமல் மறுபடி போட்டிருந்தால் இன்னும் மோசம்.

டபிள்யூ.டி.-40 பற்றிக் கேட்டீர்கள். வெளியிலிருந்து அடிப்பது முதலில் போய் முட்டுவதே அந்த ஓரிங்கில்தான், மரைவரை போகாது. போக வேண்டிய அவசியமும் இல்லை, மரையில் ஏற்கெனவே ஆயில் இருக்கிறது. அடித்தால் உங்கள் ரெஞ்ச் வழுக்குவதுதான் மிச்சம்.

சூடு உதவும். இறுகிய ரப்பர் இளஞ்சூட்டில் கொஞ்சம் தளரும், ஒட்டும் விடும். வழக்கமாக எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, கை வைக்கும் சூட்டில் திருப்பச் சொல்வார்கள். உங்களுக்கு இப்போது ஆயில் இல்லாததால் அந்த வழி அடைபட்டுவிட்டது. தலைமுடி உலர்த்தும் டிரையர் போதும். மூடிக்கு நேராகக் காட்டாமல், மேலே அது போய்ச் சேர்கிற அலுமினியப் பகுதியைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். தொட்டால் சுடுகிறது, ஆனால் கையை வைத்திருக்க முடிகிறது என்ற அளவு. தீக்கொழுந்து எந்த வடிவத்திலும் வேண்டாம். சுற்றிலும் ஆயில், மேலே பிளாஸ்டிக், கீழே நீங்கள்.

இன்னொன்று, இது எரிச்சலில் சொல்கிறேன். இந்த வகை மூடியில் ஓரிங் அடைப்பது பக்கவாட்டு அழுத்தத்தால். பள்ளத்தின் ஆழமும் ஓரிங்கின் தடிமனும்தான் கசிவை நிறுத்துகின்றன. மூடியை எவ்வளவு முறுக்கினாலும் ஓரிங் கூடுதலாக நசுங்காது. விளிம்பு போய் அலுமினியத்தில் முட்டியதோடு கதை முடிந்தது. அதற்கு மேல் போட்ட முறுக்கெல்லாம் பிளாஸ்டிக்கைச் சிரமப்படுத்துவதற்கு மட்டுமே. "கசியக் கூடாது, நல்லா டைட் பண்ணு" என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதி மூடிகள் பிழைக்கும்.

*

சனிக்கிழமை மெக்கானிக்:

எல்லாருக்கும் நன்றி. கிரீஸ் கை அண்ணே, திசை சரிதான், கண்ணாடியில பார்த்து உறுதி பண்ணிட்டேன். தகட்டு நாக்கு எதுவும் என் வண்டியில இல்லை. கோடு போட்டுப் பார்த்தேன், நீங்க சொன்னது நிஜம். திரும்புற மாதிரி இருந்ததெல்லாம் ரெஞ்சோட வளைவுதான், கோடு போட்ட இடத்துலேயே இருக்கு.

அக்கா, மூடியோட அடியில "25 நியூட்டன் மீட்டர்"னு அச்சு வார்த்திருக்கு. அது எவ்வளவு பலம்னு கையால புரியுற மாதிரி சொல்ல முடியுமா? ரெஞ்ச் விஷயத்துல என்ன பண்ண? மழுங்கின பட்டையோட இன்னும் முயற்சி பண்ண பயமா இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் மூணு கால் உள்ள பிடிப்பான் ஒண்ணு தர்றேன்னார், திருப்பத் திருப்ப இறுக்கிப் பிடிக்குமாம்.

*

ஓரிங் அக்கா:

25 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேட்செட்டின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் 25 நியூட்டன் மீட்டர். அவ்வளவுதான். பலசாலி ஒருவர் அதே கைப்பிடியை 40 கிலோ அளவுக்கு இழுப்பது பெரிய காரியமே இல்லை. அப்போது 100 ஆகிவிடுகிறது, அதாவது நாலு மடங்கு. உங்கள் மூடிக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும்.

*

கிரீஸ் கை:

மூணு கால் பிடிப்பான் டப்பா ஃபில்டருக்கு அருமையான சாமான். பிளாஸ்டிக் மூடியில மூணே மூணு இடத்துல கடிக்கும், இறுக இறுக மூடியை உள்பக்கமா நசுக்கும். நசுங்கினா மேலே இருக்கிற மரை இன்னும் இறுக்கமா அடைச்சுக்கும். கடைசியா வெச்சுக்கோ.

ரெஞ்சை மாத்து. அதுதான் முழு விஷயமே. தகட்டு ரெஞ்சுல என்ன ஆகுதுன்னா, நீ பலம் கொடுக்கும்போது அதோட வாய் விரியுது. விரிஞ்சதும் பட்டையோட முனையில மட்டும்தான் பிடி, முனை மழுங்குது, அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் தாண்டுது. கெட்டியான வார்ப்பு அலுமினியத்துலயோ தடிமனான ஸ்டீல்லயோ அதே 14 பட்டை ரெஞ்ச் வருது. வாய் ஆழமா இருக்கும், மூடியோட விளிம்பு வரைக்கும் போய் உட்காரும். 64, 65னு ரெண்டு மாதிரியும் எழுதி விப்பாங்க. எழுத்தை நம்பாதே, மூடியில மாட்டிப் பார்த்து ஆட்டம் இல்லாததை எடு.

அது கிடைக்கிற வரைக்கும் இருக்கிறதை வெச்சே பார்க்கணும்னா, மூடியையும் ரெஞ்சோட உள்பக்கத்தையும் பிரேக் கிளீனர் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம துடை. நல்லா காய விடு. அக்கா சொன்ன டிரையர் வேலையும் பிரேக் கிளீனரும் ஒரே நேரத்துல கூடவே கூடாது. ஆவி முழுசா போகணும், காத்து ஓட்டம் இருக்கணும், அப்புறம்தான் சூடு. பிறகு மெல்லிசான உப்புத்தாள் ஒரு பட்டை வெட்டி மூடியைச் சுத்தி வை, சொரசொரப்புப் பக்கம் மூடியைப் பார்த்து. அதுக்கு மேல ரெஞ்சை ரப்பர் சுத்தியால தட்டி ஏத்து. கையாலேயே ஏறினா ஆட்டம் இருக்குன்னு அர்த்தம், தட்டித்தான் ஏறணும்.

இழுக்கிறதுக்கு முன்னாடி அந்த குட்டி பிளக்கை மூடியில திரும்பப் போட்டுடு. தட்டும்போது தூசியும் உப்புத்தாள் துகளும் அந்த ஓட்டை வழியா மேலே போயிடக் கூடாது. ஆனா பிளக்கோட சதுரக் குழியில ரேட்செட்டை மாட்டி மூடியைத் திருப்பலாம்னு பார்க்காதே. பிளக்தான் கழண்டு வரும்.

இழுக்கிற விதம் இருக்கு பாரு, அதைச் சொல்லிடறேன். எக்ஸ்டென்ஷனை எவ்வளவு குட்டையா வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையா வை. நீளமா இருந்தா சாயும், சாய்ஞ்சாத் தாண்டும். ரேட்செட்டுக்குப் பதிலா பிரேக்கர் பார், பல்சக்கரம் இல்லாத கெட்டிக் கைப்பிடி. இடது உள்ளங்கையை ரெஞ்சோட தலைக்கு அடியில கொடுத்து நேரா மேலே அழுத்திக்கிட்டே இரு, அந்தக் கைக்கு வேற வேலை இல்லை. வலது கையால இழு, மெதுவா ஏத்திக்கிட்டே போகாதே, சின்னதா வெடுக்குனு ஒரு வெட்டு. விட்டு, மறுபடி ஒரு வெட்டு. ஒட்டினது அந்த அதிர்ச்சிக்குத்தான் விடும். பைப்பை மாட்டி நீட்டி, ரெண்டு கையால தொங்குறதெல்லாம் வேண்டாம். அந்த ஃபில்டர் போய் உட்கார்ந்திருக்கிற அலுமினியமும் கல்லு இல்லை.

கராஜ்ல ஒரு பழைய வித்தை உண்டு. கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு மயிரிழை டைட் பக்கம் அசைச்சா பிடி விட்டுடும்னு. போல்ட்டுக்கு நான் அப்படிப் பண்ணுவேன், நல்லா வேலை செய்யும்.

*

ஓரிங் அக்கா:

அண்ணே, அந்தக் கடைசி வித்தை இங்கே மட்டும் வேண்டாமே. ஏற்கெனவே நாலு மடங்கு முறுக்கில் இருக்கிற பிளாஸ்டிக். டைட் பக்கம் ஒரு மயிரிழை என்றாலும் விரிசல் விட அதுவே போதும். எஃகு போல்ட் கொடுக்கிற சலுகையைப் பிளாஸ்டிக் கொடுக்காது.

*

கிரீஸ் கை:

சரிம்மா, பிளாஸ்டிக்குக்கு நீங்க சொல்றதுதான் நியாயம். தம்பி, அதை விட்டுடு.

*

டர்போ பாண்டி:

நானும் ஒண்ணு உருப்படியா சொல்றேன். எதைப் பண்றதுக்கு முன்னாடியும் ஒரு புது மூடி வாங்கி வெச்சுக்கோ. தனியாவே கிடைக்கும், அலுமினியத்துலயும் வருது. கையில மாத்து மூடி இருந்தா பழசு உடைஞ்சாலும் பதட்டம் இருக்காது. பதட்டத்துலதான் மனுஷன் உளியைத் தூக்குறான்.

சொல்லப்போனா உளியும் ஒரு வழிதான். மாத்து மூடி இருக்குன்னா, மழுங்காத ஒரு பட்டையோட ஓரத்துல மழுங்கின உளியை வெச்சு, கழலுற திசையில சுத்தியால ரெண்டு தட்டு. மூடி பாழ், ஆனா வரும். கண்ணாடி போட்டுக்கோ, பிளாஸ்டிக் சிம்பு தெறிக்கும்.

*

கிரீஸ் கை:

பாண்டி இன்னிக்கு நல்ல பிள்ளை. ஆமாம், அதுதான் கடைசிப் படி. உளி விளிம்புக்கு மேல போகாம பார்த்துக்கணும். ஓரிங் உரசுற அலுமினியச் சுவர்ல ஒரு கீறல் விழுந்தாலும் அப்புறம் எந்த ஓரிங் போட்டாலும் வேர்க்கும்.

*

சனிக்கிழமை மெக்கானிக்:

வந்துடுச்சு!

முதல்ல சொன்னபடி ஆயில் ஊத்தி வண்டியை ஓட்டுற நிலைக்குக் கொண்டு வந்துட்டேன். அதே வண்டியில போய்த்தான் வார்ப்பு அலுமினிய ரெஞ்சும், பாண்டி சொன்ன மாத்து மூடியும் வாங்கிட்டு வந்தேன். அதுல ஒரு லாபம், எஞ்சின் தானா இளஞ்சூட்டுக்கு வந்துடுச்சு, டிரையருக்கே வேலை இல்லை. மூடியைத் துடைச்சுக் காய வெச்சு, உப்புத்தாள் சுத்தி, ரெஞ்சைத் தட்டி ஏத்தினேன். பழைய ரெஞ்ச் சும்மா மேலே போய் நின்னது. இது தட்டத் தட்டத்தான் ஏறிச்சு. இடது கையை அடியில கொடுத்து, வலது கையால வெடுக் வெடுக்னு இழுத்தேன். முதல்ல ஒண்ணும் இல்லை. திடீர்னு கண்ணாடி விரிசல் விடுற மாதிரி ஒரு 'கிரிக்'. மூடி போச்சுன்னு நினைச்சுட்டேன். கோட்டைப் பார்த்தா ஒரு விரக்கடை பிரிஞ்சிருக்கு. அங்கேயிருந்து கையாலேயே சுத்தி எடுத்தாச்சு. மூடியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி பிளக் வழியா உள்ளே இருந்த ஆயிலையும் இறக்கிட்டேன், மூஞ்சியில அபிஷேகம் எதுவும் இல்லை.

அக்கா, ஓரிங் நீங்க சொன்ன அதே நிலைமை. உருண்டையா இருக்க வேண்டியது சதுரமா இருக்கு. வெளிப்பக்கம் பளபளன்னு கண்ணாடி மாதிரி, நகத்தால அழுத்தினா பள்ளமே விழலை. எடுத்து வளைச்சேன், பாதி வளையும்போதே ரெண்டா ஒடிஞ்சது. ஒரு இடத்துல முறுக்கின தடமும் தெரியுது, காஞ்ச ரப்பரைத் திருகி ஏத்தினதுக்கு அத்தாட்சி. உள்ளே அலுமினியத்துலயும் வளையமா ஒரு கறுப்புத் தடம் ஒட்டியிருந்தது. துணியால துடைச்சதும் பெரும்பாலும் போயிடுச்சு, லேசா ஒரு நிழல் மட்டும் இருக்கு.

இப்ப கேள்வி. பழைய மூடியில பட்டை மூணு மழுங்கியிருக்கு, மத்தபடி விரிசல் எதுவும் என் கண்ணுக்குத் தெரியலை. அதையே போடலாமா, புதுசைப் போடவா? அந்தக் கறுப்பு நிழலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? பெட்டியில ரெண்டு ஓரிங் இருக்கு, பெரிசு மூடிக்குன்னு தெரியுது, சின்னது பிளக்குக்குத்தானே? பிளக்ல இருக்கிற பழசு நல்லாத்தான் இருக்கு.

*

ஓரிங் அக்கா:

உப்புத்தாளை அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூடக் கொண்டு போகாதீர்கள். ஓரிங் உரசி அடைக்கிற சுவர் அது, வழவழப்பாகவே இருக்கட்டும். கறை இருந்தால் பிரச்சினை இல்லை, மேடு இருந்தால்தான் பிரச்சினை. விரல் நுனியால் சுற்றித் தடவுங்கள். தட்டுப்படுகிற மேடு இருந்தால் பிளாஸ்டிக் அட்டை ஏதாவது ஒன்றின் ஓரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, நூல் விடாத துணியால் துடையுங்கள்.

மூடியைப் பொறுத்தவரை, புதியது கையில் இருக்கும்போது பழையதைப் போட நான் சம்மதிக்க மாட்டேன். விரிசல் வருகிற இடம் விளிம்புக்கும் முதல் மரைக்கும் நடுவிலுள்ள கழுத்து. அங்கே மயிரிழை விரிசல் கறுப்பு பிளாஸ்டிக்கில் கண்ணுக்கு அகப்படாது. சூடான ஆயில் அழுத்தத்தில் பிதுங்கும்போதுதான் அகப்படும்.

சின்ன ஓரிங் பிளக்குக்குத்தான். பழையது நன்றாகத் தெரிவது இப்போதைக்கு. அதே சூட்டில், அதே ஆயிலில், அதே காலம் இருந்த ரப்பர் அது. புதியது பெட்டியிலேயே இருக்கும்போது ஏன் கஞ்சம்? இரண்டுக்கும் புது ஆயில் தடவிப் போடுங்கள். பெரியதைப் பள்ளத்தில் உட்கார்த்தும்போது முறுக்கு விழாமல் ஒரு சுற்று விரலால் நீவி விடுங்கள். மரைப் பகுதிக்கு மேலேயே தங்கிவிட்டால் மூடி ஏறுகிற மாதிரி இருக்கும், ஆனால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் தரையில் இருக்கும்.

*

கிரீஸ் கை:

சபாஷ் தம்பி. புது மூடியைக் கையாலேயே சுத்தி ஏத்து, ரெஞ்சே தொடாதே. விளிம்பு மேலே போய் முட்டுற வரைக்கும் கையிலேயே போகணும். நடுவுல இறுகினா மரை குறுக்கே ஏறுது, உடனே திரும்பக் கழட்டு. முட்டினதுக்கு அப்புறம் முறுக்கை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச், 25. 'கிளிக்'னதும் கையை எடு, இன்னொரு கிளிக் ஆசைக்கு வேண்டாம்.

ஸ்டார்ட் பண்ணி சும்மா ஐடில்ல விடு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதே. ஆயில் பிரஷர் விளக்கு சில நொடியில அணையணும், அணையலைன்னா உடனே நிறுத்து. அது அணைஞ்சதும் டார்ச் அடிச்சு மூடியோட விளிம்பையும் பிளக்கையும் பாரு.

*

சனிக்கிழமை மெக்கானிக்:

மூடி 25ல முடிஞ்சது, கசிவு இல்லை. டிரெயின் போல்ட் அன்னிக்கே 37 வெச்சுட்டேன், அதுவும் காஞ்சிருக்கு. குட்டி பிளக்கை மட்டும் இப்போதைக்கு சும்மா திருகி வெச்சிருக்கேன், அடியில கொஞ்சம் ஈரம் தெரியற மாதிரி ஒரு சந்தேகம். அதுக்கு 13னு இருக்கு, ஆனா என் அரை இஞ்ச் டார்க் ரெஞ்ச் 20க்குக் கீழே இறங்கவே இல்லை. என்ன பண்றது?

*

கிரீஸ் கை:

அரை இஞ்ச் ரெஞ்சை அந்த பிளக் பக்கமே கொண்டு போகாதே. கிளிக் வர்றதுக்குள்ள மரை போயிடும். 3/8 ரேட்செட்டைக் கழுத்துக்குப் பக்கத்துல பிடி, கைப்பிடி நுனியில இல்லை. பிளக் முட்டினதும் மணிக்கட்டால மட்டும் ஒரு சின்ன அழுத்து, தோளைக் கொண்டு வராதே. யார்கிட்டயாவது சைக்கிளுக்கு வெச்சிருக்கிற சின்ன டார்க் ரெஞ்ச் இருந்தா வாங்கு, அது 13க்குச் சரியா வரும். ஈரத்தைத் துடைச்சுட்டு, கீழே ஒரு வெள்ளைக் காகிதம் விரிச்சு ராத்திரி நிறுத்து. காலையில காகிதத்துல சொட்டு இருந்தா பிளக்கைக் கழட்டி அந்தச் சின்ன ஓரிங் பள்ளத்துல உட்கார்ந்திருக்கான்னு பாரு, இன்னும் டைட் பண்ணிப் பார்க்காதே.